விசுவாசம் என்னும் சரக்கு

விமானப் பயணிகளுக்கு வழங்கப்படும் அங்கத்தவர் அட்டையைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதவேண்டிய அவசியம் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், கதையையும் கவிதையையும் எடைபோடுவதோடு விமர்சகனின் வேலை முடிந்துவிடுகிறது என்று நாம் கருதவில்லை. சமுதாயத்தில் புழங்கும் ஒரு சொல் யாருடைய நலனுக்காகப் புழங்குகிறது என்று ஆராய்வதும் அவனுடைய கடமையே. விசுவாசம், மரியாதை, வரிசை என்னும் மூன்று சொற்கள் இன்று ஒரு பெரு வணிகத்தின் கையில் அகப்பட்டு என்ன பொருள் பெற்றிருக்கின்றன என்பதையே இங்கு நாம் விசாரிக்க முற்படுகிறோம்.

இந்த விசாரணை தெமோதரையில் நாம் கற்பிக்கும் வகுப்பறையிலேயே தொடங்கியது. மாணவி ஒருத்தியின் தாயார் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பவர். விடுமுறையில் வந்தவர், எசமானி வீட்டார் கழித்துப்போட்ட பழைய சஞ்சிகைகளைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்குச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவற்றினிடையே ஒரு விமானக் கொம்பனியின் அங்கத்தவர் கையேடும் இருந்தது. பளபளக்கும் தாளில் ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சிடப்பட்ட அதனைப் பொருள் கேட்டு மாணவி எடுத்துவந்தாள். ‘லோயல்ட்டி’ என்ற சொல்லுக்கு விசுவாசம் என்று எழுதினோம். அட்டைகளின் நிறங்களையும் அவற்றின் ஏறுவரிசையையும் விளக்கினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டாள்: “எங்கம்மா பதினொரு வருசமா போய்ட்டு வர்றாங்க சேர். அவங்களுக்கு இதுல எந்தக் கலர்?”

அன்றைக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. பின்னர் தேடி அறிந்தவற்றை அவளுக்கும் வாசகர்களுக்கும் ஒருசேர இங்கே தருகிறோம்.

இத்திட்டங்களின் பிறப்பு நெடுங்காலத்துக்கு முற்பட்டதன்று. ஐக்கிய அமெரிக்காவில் விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசாங்கமே நிர்ணயித்துவந்தது. 1978ஆம் ஆண்டின் சட்டமொன்று அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கொம்பனிகள் ஒன்றோடொன்று கட்டணப் போட்டியில் இறங்கின. ஒரே நகரத்துக்குப் பல கொம்பனிகள் பறக்கும்போது பயணி எதில் ஏறினால் என்ன? இருக்கையும் ஒன்றே, வானமும் ஒன்றே. வேறுபாடற்ற சரக்கை விற்பவன் வாங்குவோனைக் கட்டிப்போட வழி தேடுவது வணிகத்தின் இயல்பு. 1981 மே 1ஆம் திகதி அமெரிக்கன் எயர்லைன்ஸ் கொம்பனி ‘அட்வான்டேஜ்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. ‘சேபர்’ என்ற தனது கணினிப் பதிவேட்டில் எந்தத் தொலைபேசி இலக்கங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன என்று பார்த்தே முதல் அங்கத்தவர்களில் பலரை அது தெரிந்தெடுத்தது. பறந்த மைல்கள் கணக்கில் சேர்ந்தன. சேர்ந்த மைல்களுக்குப் பதிலாக இலவசப் பயணம் கிடைத்தது. சில நாட்களுக்குள் யுனைட்டட் கொம்பனியும் தன் திட்டத்தோடு களத்தில் இறங்கியது. பின்பு இது உலகெங்கும் பரவியது.

நம் நாட்டுக்கும் வந்தது. 1979இல் எயர் லங்காவாகத் தோன்றி 1998இல் பெயர் மாறிய ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ், ‘பிளை ஸ்மைல்ஸ்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. நீலம், கிளாசிக், தங்கம், பிளாட்டினம் என்பன அதன் படிகள். இந்நிறுவனம் 2014 மே 1ஆம் திகதி ‘வன்வேர்ல்ட்’ என்னும் சர்வதேசக் கூட்டணியில் சேர்ந்தது. அக்கூட்டணியின் படிகளுக்கு இரத்தினங்களின் பெயர்கள்: மாணிக்கம், நீலக்கல், மரகதம். மாணிக்கத்துக்குத் தனிக் கருமபீடமும் இருக்கைத் தேர்வில் முன்னுரிமையும் உண்டு. நீலக்கல்லுக்கு அவற்றோடு ஓய்வுக்கூடமும் மேலதிகப் பொதிச் சலுகையும் உண்டு. மரகதத்துக்கு முதல் வகுப்பு ஓய்வுக்கூடம் திறக்கும். சில விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனைக்கே விரைவு வழி உண்டு. அமெரிக்காவில் இத்திட்டம் பிறந்ததும், நம் விமானம் இரத்தின வரிசையில் நுழைந்ததும் உழைப்பாளர் தினத்திலேயே என்பது தற்செயல். தற்செயலிலிருந்து நாம் முடிவு எதனையும் வருவிக்கவில்லை. ஆனால் உழைப்பாளருக்கு இவ்வரிசையில் என்ன இடம் என்று கேட்க அது நமக்கு ஒரு நினைவூட்டலாகிறது.

இனித் திட்டத்தின் உள்ளமைப்பைப் பார்ப்போம். பொதுவாக அங்கத்தவருக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று செலவழிக்கத்தக்க மைல்கள். அவற்றைக் கொடுத்துப் பயணச்சீட்டோ பொருளோ பெறலாம். மற்றையது தகுதிக் கணக்கு. அதனைச் செலவழிக்க முடியாது. அட்டையின் நிறத்தை அதுவே நிர்ணயிக்கிறது. இத்தகுதி பெரும்பாலும் 12 மாத எல்லைக்குள் எண்ணப்படுகிறது. காலம் முடிந்ததும் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்புகிறது. அங்கத்தவர் மீண்டும் கீழ்ப்படியிலிருந்து எண்ணத் தொடங்கவேண்டும். ஆகவே பெற்ற நிலையைக் காத்துக்கொள்வதற்காகவே மனிதர் தேவையற்ற பயணங்களையும் மேற்கொள்கின்றனர். பயணம் போவதற்காக அட்டை என்ற நிலை மாறி, அட்டைக்காகப் பயணம் என்றாகிறது.

மேலும், எல்லா மைல்களும் மைல்கள் அல்ல. ஒரே விமானத்தில் ஒரே வரிசையில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலைக்குச் சீட்டு வாங்கியிருக்கக்கூடும். மலிவான சீட்டுக்கு மைலில் ஒரு பங்கே வரவு வைக்கப்படும். சில சீட்டுகளுக்கு ஒன்றுமேயில்லை. 2015இல் டெல்டாவும் யுனைட்டட்டும், 2016இல் அமெரிக்கன் எயர்லைன்ஸும் இதற்கும் அப்பால் சென்றன. செலவழிக்கும் மைல்களைத் தூரத்தைக் கொண்டு கணக்கிடுவதை விடுத்து, செலுத்திய கட்டணத்தைக் கொண்டே கணக்கிடத் தொடங்கின. சொல் ஆராய்ச்சி செய்பவன் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். பெயர் மைல், அளவோ டொலர். ஒரு சொல்லின் உயிரை எடுத்துவிட்டு உடலை மாத்திரம் கடைவீதியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். பணிப்பெண்ணின் ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கானது. போகும்போது ஒரு பயணம், திரும்பும்போது ஒரு பயணம். பதினொரு ஆண்டுகளில் ஐந்தாறு தடவை போய்வந்தாலும், எந்தப் பன்னிரண்டு மாதத்தை வெட்டி எடுத்துப் பார்த்தாலும் அதில் இருப்பது ஒன்றிரண்டு பறத்தல்களே. சீட்டை வாங்குபவர் முகவரோ எசமானரோ. அவர்கள் தேடுவது ஆகக் குறைந்த விலை. அங்கத்தவராகப் பதிவு செய்யலாம் என்று அந்தத் தாயாருக்கு எவரும் சொன்னதுமில்லை. காலமும் கட்டணமும் அறியாமையும் சேர்ந்து அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. மாதந்தோறும் சிங்கப்பூருக்குக் கூட்டத்துக்குப் போய்வரும் கொழும்பு நிர்வாகி ஓராண்டிலேயே மேற்படியை எட்டிவிடுவார். அவர் அடுத்த ஆண்டு வேறு கொம்பனிக்கு மாறவும் கூடும். இருந்தும் விசுவாசி என்று அழைக்கப்படுபவர் அவரே. பதினொரு ஆண்டுகளாகத் தன் பிள்ளையின் வளர்ச்சியைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு அதே வழியில் போய்வந்த தாய்க்கு அச்சொல் பொருந்தாது!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த நிர்வாகியின் பயணச்சீட்டுக்கும் பணம் கொடுப்பவர் அவர் அல்லர், அவருடைய நிறுவனமே. பணம் நிறுவனத்தினது, மைல் அவருடையது. இந்தப் பிளவிலேதான் திட்டத்தின் வெற்றி முழுவதும் அடங்கியிருக்கிறது. விலை கூடிய சீட்டை வாங்கும்படி அவரைத் தூண்டுவதற்கு அவருக்குத் தனிப்பட்ட கைக்கூலி ஒன்று கிடைக்கிறது. பணிப்பெண்ணின் சீட்டுக்கும் எசமானரே பணம் கொடுக்கிறார். ஆனால் அவருக்கு அதனால் வரும் மிச்சம் எதுவுமில்லை. இந்தக் கவர்ச்சிக்கு முற்போக்காளரும் விலக்கல்லர் என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். ஜேர்மனியில் 2002ஆம் ஆண்டு, உத்தியோகப் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது வெளிப்பட்டபோது, இடதுசாரித் தலைவர் கிரெகோர் கீசி பெர்லின் மாநில அமைச்சுப் பதவியிலிருந்து விலகினார். பசுமைக் கட்சியைச் சேர்ந்த செம் ஓஸ்டெமிரும் அதே விவகாரத்தில் பின்வாங்க நேர்ந்தது. தனிமனிதரின் பலவீனம் என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் பலவீனத்தைக் கணக்கிட்டே வகுக்கப்பட்ட அமைப்பு இது என்பதை மறக்கலாகாது.

கொம்பனிக்கு இதனால் என்ன இலாபம்? மைல் என்பது இன்று கொம்பனி தானே அச்சிடும் நாணயம். வங்கிகள் அதனை மொத்தமாக விலைக்கு வாங்கி, தம் கடனட்டைகளால் பொருள் வாங்குவோருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. விமானத்தில் கால் வைக்காமலே கடையில் பால்மா வாங்கியும் மைல் சேர்க்கலாம். 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைட்டட் கொம்பனி தன் மைல் திட்டத்தையே பிணையாக வைத்து 680 கோடி டொலர் கடன் திரட்டியது. அத்திட்டத்துக்கு அப்போது சொல்லப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டொலர். பங்குச் சந்தையில் அன்று முழுக் கொம்பனிக்கும் இருந்த மதிப்பைவிட அது பெரியது. இந்தியாவின் ஜெட் எயர்வேய்ஸ் 2019 ஏப்ரல் மாதத்தில் பறப்பதை நிறுத்தியது. ஊழியர்களின் சம்பளம் நிலுவையில் நின்றது. ஆனால் அதன் பயணிகளுக்கென உருவான மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்தமையால், பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்து வியாபாரம் செய்தது. விமானம் செத்தது, விசுவாசம் பிழைத்தது. விமானத்தைத் துடைத்தவனும் பொதி சுமந்தவனும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

விசுவாசம் என்றால் இரு தரப்புக்கும் பொருந்தவேண்டும். கையேட்டின் முற்பக்கங்களில் ‘உங்களுக்கு’, ‘உங்களுக்காகவே’ என்று குழையும் மொழி, கடைசிப் பக்கங்களின் சிற்றெழுத்தில் முகத்தை மாற்றிக்கொள்கிறது. மைல்கள் அங்கத்தவரின் சொத்து அல்ல, விதிகளைக் கொம்பனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அங்கத்துவத்தை நீக்கலாம். இது வெறும் எழுத்தளவில் நிற்பதன்று. அமெரிக்காவில் கின்ஸ்பெர்க் என்ற யூத மதகுரு நோர்த்வெஸ்ட் கொம்பனியின் பிளாட்டினம் அங்கத்தவராக இருந்தார். அளவுக்கு மீறி முறைப்பாடு செய்கிறார் என்று 2008இல் அவருடைய அங்கத்துவம் பறிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2014 ஏப்ரல் 2ஆம் திகதி நீதிபதிகள் ஒருமனதாகக் கொம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தனர். நல்லெண்ணத்தோடு நடக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தின் பெயரால் அவர் கோரியதற்கு, விமானப் போட்டியைத் திறந்துவிட்ட அதே 1978ஆம் ஆண்டுச் சட்டமே குறுக்கே நின்றது.

முறைப்பாடு செய்த விசுவாசி வெளியே தள்ளப்படுவது நம் மலையக வாசகருக்குப் புதிய செய்தியா? பற்றுச்சீட்டு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் அல்லவா நாம்! தோட்டத்தில் வாய் திறந்தவனுக்குத் துரை கொடுத்த இறுதிப் பரிசு அது.

உண்மையில், இத்தகைய கணக்குமுறைகளை நம்மவர்கள் விமானம் பிறப்பதற்கு முன்பே அறிவார்கள். தன் கீழ் உள்ளோரில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தனர் என்ற எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கங்காணிகளுக்குள்ளும் சில்லறைக் கங்காணி, பெரிய கங்காணி என்று படிகள் இருந்தன. உழைத்தவர் பலர், தலை எண்ணிக் காசு பெற்றவர் ஒருவர். நிறுவனம் பணம் கொடுக்க நிர்வாகி மைல் பெறுவதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அண்மைக் கால உதாரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபா என்று பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மாத்திரமே. 60 ரூபா வரவுக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதம் சமுகமளித்தவருக்கே அது உரியது. 2019இல் அம்முறை கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், அடிப்படைச் சம்பள உயர்வோடு அரசாங்கத்தின் பங்காக 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் முன்மொழிந்தது.

இவ்விரண்டு வரவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வர்க்க சமுதாயத்தின் இலக்கணம் தெளிவாகும். மேலே இருப்பவன் அடிக்கடி வந்தால் அது விசுவாசம். அவனுக்கு மெத்தை இருக்கையும் தேநீரும் காத்திருக்கின்றன. கீழே இருப்பவள் அடிக்கடி வந்தால் அது கடமை. அவள் காய்ச்சலில் படுத்து நாட்கள் குறைந்தால் கூலியில் ஒரு பகுதி குறைந்தது. முன்னவனுக்கு உள்ளதற்கு மேல் ஒன்று கூட்டப்படுகிறது. பின்னவளுக்கு உரியதிலிருந்தே ஒன்று நிபந்தனையாக ஒதுக்கிவைக்கப்பட்டது. அந்த ஓய்வுக்கூடத்துத் தேநீரின் கொழுந்தை அவளே கிள்ளியிருக்கவும் கூடும்.

வரிசை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் அது தகுதியையும் குறிக்கும், சிறப்புச் செய்து வழங்கும் பொருளையும் குறிக்கும், ஒருவர் பின் ஒருவராக நிற்பதையும் குறிக்கும். புறநானூற்றின் 121ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் எல்லோரையும் ஒரே நோக்கில் பார்க்காது வரிசையறிந்து வழங்குமாறு வேண்டுகிறார். அது நிலப்பிரபுத்துவ காலத்துப் பண்புதான். எனினும், கொடுப்பவன் எதிரே நிற்கும் மனிதனை அறியவேண்டும், அவனுடைய புலமையை அறியவேண்டும் என்ற கோரிக்கையாவது அதில் இருந்தது. இன்றைய வரிசையறிதலில் மனிதனை அறியும் வேலை இல்லை. செலவழித்த தொகையைக் கணினி அறிந்தால் போதும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முதல் மரியாதை பெரிய கங்காணி வீட்டுக்கென்று இருந்த காலத்தை நம் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மரியாதையின் ருசி பரிவட்டத் துணியில் இருக்கவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு காத்து நின்றதிலேயே இருந்தது. விமான நிலையத்திலும் அப்படித்தான். நீண்ட வரிசை ஒன்று பக்கத்தில் நின்றால்தான் குறுகிய வரிசைக்கு மதிப்பு. எல்லோரும் அமர நல்ல இருக்கை போடப்பட்டுவிட்டால் ஓய்வுக்கூடத்தின் விலை சரிந்துவிடும். ஆகவே பலருடைய அசௌகரியமே சிலருக்கு விற்கப்படும் சரக்காகிறது. 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வாடிக்கைக்காரருக்குக் கடைக்காரர் ஒரு பிடி கொசுறு கொடுப்பதில்லையா, அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமில்லை. கடைக்காரர் ஆளை அறிந்து கொடுக்கிறார். கடன் சொல்லி வாங்குபவளின் பிள்ளைக்கும் ஒரு மிட்டாய் கிடைக்கும். அதற்காக வேறு எவரும் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. காசுக்கேற்ற வகுப்பு என்பதே புதிதா என்றும் கேட்கலாம். புதிதன்று. நம் மலைநாட்டு இரயிலிலும் மூன்று வகுப்புகள் உண்டு. ஆனால் பெட்டியின்மேல் மூன்று என்ற இலக்கம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். குறைந்த காசுக்குக் குறைந்த வசதி என்று அது சொல்லுமே தவிர, அதில் ஏறியவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லாது. ஏற்றத்தாழ்வைப் பண்பாட்டின் சொல்லால் போர்த்தி மறைக்கும் கபடத்தையே நாம் கண்டிக்கிறோம்.

நம் நாட்டைப் பொறுத்தவரை இன்னொரு கோணமும் உண்டு. ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் அரசுடைமை. அதன் நட்டங்கள் நெடுங்காலமாகத் திறைசேரியின் சுமை. அது வெளியிட்ட 17.5 கோடி டொலர் கடன் பத்திரத்துக்கு அரசாங்கமே உத்தரவாதம் அளித்திருந்தது. திறைசேரி என்பது யாருடைய பணம்? 2024 தொடக்கத்தில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதிசேர் வரியைச் சவர்க்காரத்தோடும் தீப்பெட்டியோடும் சேர்த்துக் கொடுத்தவர்களில் லயத்துக் குடும்பங்களும் அடங்கும். கடல் கடந்து உழைத்த பணிப்பெண்கள் அனுப்பிய அந்நியச் செலாவணியும் அங்கேதான் சேர்ந்தது. விமானத்தை வானில் நிறுத்திவைக்கத் தோள் கொடுத்தவர்களைப் பார்த்து, நீங்கள் எந்தப் படியிலும் இல்லை என்று சொல்வது எந்த அறத்தில் சேர்ந்தது?

நம் மலையக எழுத்தாளர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். கொழுந்துக் கூடையையும் பிரட்டுக் களத்தையும் இஸ்தோப்பையும் எழுதியிருக்கிறோம். அவை எழுதி முடிந்துவிடவில்லை. ஆனால் இன்று லயத்தின் வாசல் கட்டுநாயக்க வரைக்கும் நீண்டிருக்கிறது. அதிகாலை இருளில் கடவுச்சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி நிற்கும் பெண்களின் வரிசையும், அதன் பக்கத்தில் கம்பளம் விரித்த வெறுமையான இன்னொரு வரிசையும் நம் இலக்கியத்துக்குள் வரவேண்டும். வராவிட்டால் அவர்களைப் பற்றிய ஒரே எழுத்தாக அந்தப் பளபளப்பான கையேடே எஞ்சும். அதிலோ அவர்கள் இல்லை.

மறுவாரம் வகுப்பில் அந்த மாணவியிடம் சொன்னோம்: உன் அம்மாவுக்கு இதில் எந்த நிறமும் இல்லை, குறை அம்மாவிடம் இல்லை, அளவுகோலில் இருக்கிறது, அதைச் செய்தவர்கள் காசை மட்டுமே அளக்கும்படி செய்திருக்கிறார்கள். பின்பு மொழிபெயர்ப்புப் பயிற்சியை மீண்டும் எடுத்தோம். விசுவாசம் என்று எழுதியிருந்த இடத்தில் அவளே அடித்துவிட்டு ‘வாடிக்கை’ என்று எழுதினாள். நாம் அதைத் திருத்தவில்லை.